அப்பாயி பாட்டும் கோர்ஸ் வொர்க்கும்

கேள்வி: மேடம், எனக்கு 36 வயசு. கோத்தகிரி பக்கம் ஊரு. எம்.ஏ. தமிழ், 58 பர்சன்ட். பி.எட். முடிச்சுட்டு பிரைவேட் ஸ்கூல்ல 11 வருஷமா தமிழ் டீச்சர். ரொம்ப நாள் ஆசை பிஎச்டி பண்ணணும்னு. நெட் தகுதித் தேர்வு ரெண்டு தடவ எழுதினேன், கட்-ஆஃப் தாண்டல. தோட்டத் தொழிலாளர் பத்திதான் பண்ணணும்னு இருக்கேன், நாங்க சிலோன்லேர்ந்து திரும்பி வந்த குடும்பம். தெரிஞ்ச சார் ஒருத்தர் "நீலகிரி தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்வியல்"னு தலைப்பு வச்சுக்கோன்னு சொல்லிட்டார். ஆனா இந்த கோர்ஸ் வொர்க்னு ஒண்ணு இருக்காமே, திரும்ப கிளாஸ்ல உக்காந்து பரீட்சை எழுதணுமாம். அத விட்டுட்டு நேரா ஆராய்ச்சிக்குப் போக முடியாதா? வேலையையும் விட முடியாது, பொண்ணு எட்டாவது படிக்கிறா. ஆன்லைன்ல பண்ணலாம், ஒரே வருஷம்னு ஒரு இடத்துலேர்ந்து போன் மேல போன் வருது, அது பரவால்லையா? மாமியார் வேற இந்த வயசுல இது எதுக்குன்னு கேக்கறாங்க. (எங்க அப்பாவோட அம்மா, அப்பாயிக்கு 84 வயசு, இன்னும் கொழுந்துப் பாட்டு பாடுவாங்க. கண்டிச் சீமையிலேன்னு வர்ற இடத்துல இங்க வந்தப்புறம் கோத்தகிரியிலேன்னு மாத்திட்டாங்க, கேட்டா சிரிப்பா இருக்கும்.) நீங்கதான் வழி சொல்லணும்.

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த போன் நம்பரை பிளாக் பண்ணுங்க. இந்தியாவுல பிஎச்டிய ஆன்லைன்லயோ தபால்லயோ பண்ண முடியாது, பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, அதுக்கு அனுமதியே தரல, வெளிநாட்டு யுனிவர்சிட்டி பேரைச் சொல்லி ஆன்லைன் பிஎச்டி விக்கிற கம்பெனிங்கள நம்பாதீங்கன்னு 2022 அக்டோபர்ல யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விய பாத்துக்கற ஏஐசிடிஇயும் சேர்ந்தே எச்சரிக்கை விட்டுச்சு. ஒரே வருஷம்னு சொன்னாலே போதும், அதுக்கு மேல விசாரிக்க ஒண்ணும் இல்ல. கோர்ஸ் வொர்க்கும் சேர்த்து குறைஞ்சது மூணு வருஷம், அதுதான் விதி.

வேலைய விடணுமான்னு கேட்டீங்க. வேண்டாம். பார்ட் டைம் பிஎச்டி செல்லும், 2022 நவம்பர்ல வந்த யுஜிசி விதிமுறையிலயே இருக்கு. ஆனா ஸ்கூல்லேர்ந்து என்ஓசி வாங்கணும், அங்கதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுவாங்க. "இவர் படிக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை"ன்னு ரெண்டு வரி டைப் பண்ணி சீல் குத்தி வாங்கிட்டு வந்துருவாங்க. விதிமுறை கேக்கறது மூணு விஷயம், பார்ட் டைமா படிக்க அனுமதி இருக்கு, ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கற அளவுக்கு வேலை இடம் கொடுக்கும், தேவைப்பட்டா கோர்ஸ் வொர்க்க முடிக்க விடுவிப்போம். இந்த மூணாவது வரி இல்லாம வாங்கிடாதீங்க. கரஸ்பாண்டன்ட் நல்ல மூட்ல இருக்கற நாளா பாத்துப் போங்க, பப்ளிக் எக்ஸாம் ரிசல்ட் வந்த வாரம் நல்ல வாரம்.

பார்ட் டைமுக்கு ஃபெல்லோஷிப் கிடையாது, அத முன்னாடியே சொல்லிடறேன். ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 ரூபாய், ஆனா அது ஃபுல் டைமுக்கு, வயசு வரம்பு 30, பெண்களுக்கு அஞ்சு வருஷம் தள்ளுபடி, 36ல அந்த பஸ் போயிருச்சு. வருத்தப்பட்டு பிரயோஜனம் இல்ல. நெட்டை மட்டும் விட்டுடாதீங்க. 2024 ஜூன் தேர்வுலேர்ந்து நெட்ல மூணாவதா ஒரு தட்டு வச்சிருக்காங்க, பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதின்னு, அந்த ஸ்கோர் ஒரு வருஷம் செல்லும். சில இடத்துல யுனிவர்சிட்டியே தனியா என்ட்ரன்ஸும் வைக்குது, நீங்க சேரப்போற இடத்தோட நோட்டிஃபிகேஷன வரி வரியா படிங்க. உங்க 58 பர்சன்ட் போதும், கேக்கறது 55.

சரி, இப்ப கோர்ஸ் வொர்க். தாண்டிக் குதிக்க முடியாது. ஆனா தாண்டிக் குதிக்கணும்னு நெனைக்கறதே தப்புன்னு சொல்றதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் பதிவு பண்ணது 1994ல. அப்போ எனக்கு 33 வயசு, உங்கள மாதிரியே வேலை, கையில ஒண்ணரை வயசுப் பையன், குன்னூர்ல வாடகை வீடு. அப்பல்லாம் நம்ம பக்கம் கோர்ஸ் வொர்க் கட்டாயம் இல்ல, 2009 விதிமுறையிலதான் நாடு முழுக்க கட்டாயம் ஆச்சு. எம்.ஃபில். பண்ணவங்களுக்காவது கொஞ்சம் பழக்கம் இருந்துச்சு, நான் அதுவும் பண்ணல. பதிவு பண்ண மறு மாசமே ஆராய்ச்சியாளர் ஆயிட்டோம்னு நெனப்பு. நீலகிரி எஸ்டேட்டுக்கு மேஸ்திரிங்க ஆள் கூட்டிட்டு வந்த வரலாறுதான் தலைப்பு. லீவு கிடைச்சா போதும், நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூர் ஆவணக்காப்பகம், பழைய அரசாணை கட்டு கட்டா எடுத்து வச்சு, பென்சில்ல அட்டையில நோட்ஸ். ரெண்டு வருஷத்துல அறுநூறு அட்டை சேர்ந்துச்சு. ஷூ டப்பாவுல அடுக்கி வச்சு அத பாத்துப் பாத்து பூரிச்சுப் போவேன்.

மூணாவது வருஷம் எழுத உக்காந்தா, பாதி அட்டையில அரசாணை நம்பர் இருக்கு தேதி இல்ல, சிலதுல தேதி இருக்கு எந்தத் துறைன்னு இல்ல, இன்னும் சிலதுல "மேற்படி கட்டு"ன்னு எழுதி வச்சிருக்கேன், எந்த மேற்படி? அதவிடக் கொடுமை, அந்த அறுநூறு அட்டையும் எந்தக் கேள்விக்கு பதில்னே எனக்குத் தெரியல. கிடைச்சதெல்லாம் எழுதியிருக்கேன், தேடினது எதுவும் இல்ல. திரும்ப ரயில் ஏறினேன், ஒண்ணரை வருஷம் போச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஒரு ஆதாரத்த எப்படிக் குறிச்சு வைக்கணும், ஒரு கேள்விய எப்படிக் கேக்கணும்னு உக்கார வச்சு சொல்லித்தர ஒரு வகுப்பு அப்போ இல்ல. நீங்க வேண்டாம்னு சொல்றது அந்த வகுப்பைத்தான் தங்கச்சி.

கணக்கு என்னன்னு சொல்லிடறேன், பயம் பாதி போயிரும். கோர்ஸ் வொர்க் குறைஞ்சது 12 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம்னு வச்சா 12க்கு 180 மணி நேரம். நீங்க ஸ்கூல்ல ரெண்டு மாசத்துல அத விட அதிகமா நின்னுட்டே பாடம் நடத்தறீங்க. பெரும்பாலும் ஆய்வு முறையியல் ஒரு பேப்பர், சப்ஜெக்ட்ல ஒண்ணு, உங்க தலைப்ப ஒட்டி ஒண்ணு, அப்புறம் ஆராய்ச்சி நெறிமுறைன்னு ரெண்டு கிரெடிட்டுக்கு ஒண்ணு, அது எல்லா பாடத்துக்காரங்களுக்கும் கட்டாயம். 55 பர்சன்ட் வாங்கினாத்தான் மேல தொடரலாம். அமெரிக்காவுல ரெண்டு வருஷம் வகுப்பு, அது முடிஞ்சு ஒரு பெரிய பரீட்சை, அப்புறம்தான் ஆய்வேட்டுப் பேச்சே. இங்கிலாந்துல பழைய வழக்கம் நேரா ஆய்வேடு. நம்மளுது ரெண்டுக்கும் நடுவுல, கொஞ்சம் அரைவேக்காடுன்னுகூட சொல்லலாம், அரை வேக்காட்ட முழுசா வேக வச்சுக்கறது நம்ம கையில.

எப்படின்னா, இங்கதான் நீங்க அடைப்புக்குறிக்குள்ள போட்டு சிரிப்பா இருக்கும்னு தள்ளிவிட்ட அப்பாயி வர்றாங்க.

உங்க லெட்டர்ல தலைப்புன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்களே, "வாழ்வியல்", அது தலைப்பு இல்ல, கோணிப்பை. அதுல கூலி போடலாம், கல்யாணம் போடலாம், காமன் கூத்து போடலாம், தொழிலாளர் குடியிருக்கற லயத்து வீடு போடலாம், எல்லாம் போட்டு கட்டி வச்சா அஞ்சு அத்தியாயம், 280 பக்கம், வாய்மொழித் தேர்வான வைவாவும் முடிஞ்சிரும், அதுக்கப்புறம் யாரும் பிரிக்க மாட்டாங்க. ஆய்வேடுங்கள சேர்த்து வைக்கற சோத்கங்கா தளத்துல போய் வாழ்வியல்னு தேடிப் பாருங்க, நான் சொல்றது புரியும். ஆனா அப்பாயி கண்டிச் சீமைய எடுத்துட்டு கோத்தகிரிய வச்சாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அத படிச்சிட்டு நான் காபி ஆற ஆற உக்காந்திருந்தேன், சத்தியமா.

நீங்களே தொடையில தட்டிப் பாருங்க. கண்-டிச்-சீ-மை-யி-லே, ஆறு தட்டு. கோத்-த-கி-ரி-யி-லே, அதுவும் ஆறு தட்டு. எண்ணிக்கை சரியா உக்காருது, அதனாலதான் அப்பாயி வாயில அது வந்துச்சு. ஆனா மொதல்ல இருக்கற கண், டிச், சீ மூணுமே கனமான ஓசை, கொழுந்த ஒடிச்சு கூடையில போடற கைக்கு நிதானம் கொடுக்கும். கோத்தகிரியில கோத் மட்டும்தான் கனம், மத்த தகிரியி வழுக்கிட்டு ஓடிரும். அப்போ அப்பாயி எங்கயோ இழுத்திருக்கணும், கோத்தகிரீயிலேன்னு ரியை நீட்டியிருப்பாங்க, இல்ல முன்னாடி ஒரு "இந்த"வோ "அடி"யோ சேர்த்திருப்பாங்க. கேட்டுப் பாருங்க. நான் சொன்னது தப்பாக்கூட இருக்கலாம், தப்பா இருந்தா இன்னும் நல்லது.

இப்ப கேள்வி எப்படிப் பொறக்குது பாருங்க. ஊர் பேர் மாறுச்சு சரி, கங்காணி மாறுனாரா? அங்க ஆள் கட்டினது கங்காணி, நம்ம நீலகிரிப் பக்கம் அந்த வேலைய பாத்தவங்களுக்கு மேஸ்திரின்னு பேரு. பாட்டுல கங்காணிய திட்டற வரி இருந்தா, இங்க வந்தப்புறம் திட்டு மேஸ்திரிக்கு மாறுச்சா, இல்ல கங்காணி கங்காணியாவே நின்னுட்டாரா? ஊரை மாத்தினவங்க ஆளை மாத்தலேன்னா ஏன்? கூடலூர்ப் பக்கம் இறங்கினவங்க கூடலூர்னு மாத்தினாங்களா? மாத்தவே மாட்டேன்னு கண்டியவே பாடினவங்க யாராவது இருக்காங்களா, அவங்க வீட்டுல என்ன கதை? எதை மாத்தினாங்க, எதை விட்டுக்கொடுக்கல, இது ஒரு பிஎச்டிக்கு தாராளம், தங்கச்சி. இத்தனைக்கும் அந்தப் பாட்டுல சிலது இங்கேர்ந்தே போனதா இருக்கும். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து காபித் தோட்டத்துக்குப் போனவங்க வாயோட கொண்டு போனது, 1869ல காபி இலையில நோய் விழுந்து தோட்டமெல்லாம் தேயிலைக்கு மாறினப்போ கூடவே மாறி, நூறு வருஷம் கழிச்சு திரும்ப வந்திருக்கு. ரெண்டு தடவ கடல் தாண்டின பாட்டு அது.

கோர்ஸ் வொர்க்ல ஒவ்வொரு பேப்பரையும் இந்த ஒரு வரிக்கு வேலை செய்ய வைங்க, நான் சொல்றது அவ்ளோதான். கைடுகிட்ட முதல் நாளே சொல்லிடுங்க, அசைன்மென்ட், செமினார் எல்லாம் இத ஒட்டியே பண்றேன்னு. ஒத்துக்காத கைடு ரொம்ப கம்மி, ஏன்னா அவங்களுக்கும் திருத்த சுவாரசியமா இருக்கும், நானும் வருஷா வருஷம் "ஆய்வின் பண்புகள்"னு ஒரே கட்டுரைய இருபது பேர் கையெழுத்துல படிச்சு நொந்து போனவதான்.

முறையியல் பேப்பர்ல வாய்மொழி வழக்காற்ற எழுத்துல இறக்கறது எப்படின்னு எடுத்துக்கோங்க. சுலபம்னு நெனைக்காதீங்க, அதுவும் நீங்க தமிழ் டீச்சர், கை சும்மா இருக்காது. அப்பாயி "பெரட்டு"ன்னா ஆள் கணக்கெடுக்கற இடத்த சொல்றாங்க, அது அகராதியில இருக்கோ இல்லையோ அப்படியே எழுதணும், "கவ்வாத்து"ன்னா (செடிய வெட்டி விடறது) கவாத்துன்னு திருத்தக் கூடாது, சிவப்பு பேனாவ வீட்டுல வச்சுட்டு வரணும். ஒரு மணி நேரம் பேசினத எழுத எனக்கு ஆறேழு மணி நேரம் புடிக்கும், பாட்டுன்னா இன்னும் கூட. மூச்சு எங்க வாங்கினாங்க, எங்க சிரிச்சாங்க, எந்த வரிய ரெண்டாவது தடவ பாடுறப்போ விட்டுட்டாங்க, இதெல்லாம் குறிக்க ஒரு முறை வேணும், அந்த முறைய நீங்களே உருவாக்கி ஒரு கட்டுரையா கொடுங்க. பின்னாடி உங்க ஆய்வேட்டுல ரெண்டாவது அத்தியாயம் பாதி ரெடி.

நம்ம மலையிலயே இதுக்கு முன்மாதிரி இருக்கு, வேற எங்கயும் தேடிப் போக வேண்டாம். எமனோன்னு ஒரு மொழியியலாளர், 1935லேர்ந்து மூணு வருஷம் இந்தியாவுல இருந்து, நம்ம மலையில தோடர், கோத்தர் மொழிய எழுதினவர். தோடர் பாட்டுத் தொகுப்ப அவர் அச்சுல கொண்டு வந்தது 1971ல. நடுவுல எத்தன வருஷம் பாருங்க. பாட்டுல சொற்கள் எப்படி ஜோடி ஜோடியா வருதுங்கற அமைப்ப எல்லாம் அப்படி உக்காந்து பிரிச்சு வச்சிருக்கார். உங்களுக்கு அத்தன வருஷம் கிடையாது, ஆனா ஒரு பாட்டு எவ்ளோ நேரம் கேக்கும்னு தெரிஞ்சுக்க அந்தப் புத்தகத்த ஒரு தடவ புரட்டுங்க. இலங்கை மலையகப் பக்கம் பாட்டு சேகரிச்சவர் சி.வி. வேலுப்பிள்ளை, அவர் தொகுத்தத பக்கத்துல வச்சு அப்பாயி பாட்ட ஒப்பிடலாம், அது உங்க சப்ஜெக்ட் பேப்பருக்கு ஆச்சு.

தலைப்ப ஒட்டின பேப்பர்ல வரலாற்ற முடிச்சிருங்க. 1964 அக்டோபர் 30ல போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில இருந்த இந்திய வம்சாவளி ஜனங்கள்ல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கறது, 3,00,000 பேர இலங்கை வச்சுக்கறது, மிச்சம் ஒண்ணரை லட்சத்த அப்புறம் பேசிக்கலாம்னு தள்ளி, 1974ல பாதிப் பாதி பிரிச்சது. யாரும் அந்த ஜனங்கள கூப்பிட்டு எங்க இருக்கீங்கன்னு கேட்டு கணக்கு போடல. வந்தவங்களுக்கு வேலை கொடுக்கன்னு 1968ல வனத்துறை ஆரம்பிச்ச தேயிலைத் தோட்டம்தான் 1976ல டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், ஆச்சு. இதெல்லாம் உங்களுக்கு வீட்டுக் கதையா தெரியும், தலைமன்னார் கப்பல், மண்டபம் கேம்ப்னு சின்ன வயசுல கேட்டு வளந்திருப்பீங்க. வீட்டுக் கதைய ஆதாரத்தோட எழுதப் பழகறதுதான் அந்தப் பேப்பர். வீட்டுல டிரங்குப் பெட்டிக்குள்ள பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை ஏதாவது இருந்தா போட்டோ எடுத்து வைங்க, கரையான் அரிக்கறதுக்கு முன்னாடி.

நெறிமுறை பேப்பர எல்லாரும் தூங்கற பேப்பர்னு சொல்வாங்க, காப்பியடிக்காதேன்னு 30 மணி நேரம் சொல்றதுக்கு என்ன இருக்குன்னு. மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போறது 10 பர்சன்ட்டுக்குள்ள இருக்கணும், 60 தாண்டினா பிஎச்டி பதிவே ரத்து, அது 2018 விதிமுறை, அத ஒரு நாள்ல தெரிஞ்சுக்கலாம். ஆனா உங்களுக்கு அந்தப் பேப்பர்லதான் உண்மையான சிக்கல் இருக்கு. சொந்த ஜனத்த பத்தி எழுதறீங்க. பக்கத்து வீட்டு பாட்டி உங்கள நம்பி பாடுவாங்க, நடுவுல புருஷன் அடிச்சது, கடன் பட்டது, யாரோட சேர்த்து பேசினாங்கங்கறது எல்லாம் வரும், பொண்ணாச்சேன்னு சொல்லிருவாங்க, ஆராய்ச்சிக்காரின்னு நெனைச்சு சொல்ல மாட்டாங்க. அத அச்சுல போடலாமா? பேர் போடறதா வேண்டாமா, பாட்டு யாருது, பாடினவங்களுதா சேகரிச்சவங்களுதா? சாதிப் பேர் வர்ற வரிய என்ன பண்றது, மறைச்சா பொய், போட்டா அந்த லயத்துப் பக்கம் நாளைக்கு நீங்க எப்படி நடப்பீங்க? இதுக்கு எனக்கும் ஒரே பதில் கிடையாது, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா முடிவெடுத்தேன், ரெண்டு எடத்துல தப்பாவும் எடுத்தேன். வகுப்புல பத்து பேர் முன்னாடி வச்சு சண்ட போட்டு முடிவெடுக்கற வாய்ப்ப விட்டுடாதீங்க.

இப்படிப் பண்ணா கோர்ஸ் வொர்க் முடியறப்போ உங்க தலைப்பு மாறியிருக்கும். மாறணும். மாறலேன்னாதான் கவலைப்படணும்.

கைடு விஷயம் கொஞ்சம். தெரிஞ்ச சார் தலைப்பு கொடுத்தார்னீங்க, அவர் கைடா இல்ல தெரிஞ்ச சார் மட்டும்தானான்னு புரியல. கைடா இருந்தா ரெண்டு விஷயம் கூச்சப்படாம கேளுங்க. ஒண்ணு, இடம் காலியா இருக்கா, ஏன்னா ப்ரொஃபசர் 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டன்ட் 4, அதுக்கு மேல எடுக்க முடியாது. ரெண்டு, ரிட்டயர் ஆக எத்தன வருஷம் இருக்கு, மூணு வருஷத்துக்கு கம்மின்னா புதுசா ஆள் சேர்க்கவே கூடாது. ரிட்டயர்மென்ட் தேதி கேக்கறது நம்ம ஊர்ல மரியாதக் குறைவுன்னு நெனைப்பாங்க, வேற யார்கிட்டயாவது விசாரிச்சுக்கோங்க, ஆபீஸ் அசிஸ்டன்டுக்கு எல்லார் தேதியும் தெரியும். மூணாவதா நானா சேர்க்கறது, அவர்கிட்ட முடிச்சவங்க ஒருத்தர்கிட்ட போன்ல பேசுங்க, எழுதிக் கொடுத்தா எத்தன நாள்ல திருப்பித் தருவார்னு மட்டும் கேளுங்க. அந்த ஒரு பதில்ல எல்லாம் தெரிஞ்சிரும்.

எங்க சேர்றதுன்னா, உங்களுக்கு பக்கம் ஊட்டி கவர்ன்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோட இணைப்பு. உங்க சப்ஜெக்ட்ல அங்க இப்ப யாருக்கு இடம் இருக்குன்னு ஒரு சனிக்கிழமை நேர்ல போய்க் கேளுங்க, போன்ல கேட்டா சரியா சொல்ல மாட்டாங்க. யுனிவர்சிட்டி டிபார்ட்மென்ட்லயே சேர்றதுன்னா கோத்தகிரியிலேர்ந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், அங்கேர்ந்து மருதமலை ரோடு, கோர்ஸ் வொர்க் சமயத்துல அது வாரா வாரம்னா உடம்பு என்னத்துக்கு ஆகும், மழைக் காலத்துல மண்சரிவு வேற, ரோடு மூடிட்டா வருகைப் பதிவு போச்சு. வகுப்பு வார நாளா, சனி ஞாயிறா, லீவுல மொத்தமா வைக்கறாங்களான்னு சேர்றதுக்கு முன்னாடியே கேட்டு அத வச்சு முடிவு பண்ணுங்க. பழனி மலையில கொடைக்கானல்ல அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கு, 1984ல பெண்களுக்குன்னே ஆரம்பிச்சது, நல்ல இடம், ஆனா ஒரு மலை இறங்கி இன்னொரு மலை ஏறணும், எட்டாவது படிக்கற பொண்ண வச்சுக்கிட்டு அது உங்களுக்கு தோதுப்படாது.

காலக்கெடு பத்தி கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். ஆறு வருஷம், மறுபதிவு பண்ணா இன்னும் ரெண்டு, பெண்களுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு, ஆக மொத்தம் பத்து. இருக்குன்னு எல்லாத்தையும் எடுத்துக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் 2006ல குறிஞ்சி பூத்தப்போ பதிவு பண்ணி 2018ல அடுத்த குறிஞ்சிக்குத்தான் வைவா கொடுத்தார், இப்பவும் அவரப் பாத்தா குறிஞ்சி சார்னுதான் பசங்க கூப்பிடறாங்க.

மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான், கோவிச்சுக்காதீங்க. காலேஜ் வேலைக்காகன்னு சொல்லிடாதீங்க, அது உண்மை ஆகாது. அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் வேலைக்கு குறைஞ்சபட்சத் தகுதி நெட்டோ, மாநில அளவுல நடக்கற செட்டோதான், பிஎச்டி கட்டாயம் இல்லன்னு 2023 ஜூலையிலேர்ந்து யுஜிசி விதி, அந்தப் பரீட்சைக்கு வயசு வரம்பு இல்ல, அத தனியா எழுதிக்கிட்டே இருங்க. பிஎச்டிக்கு நீங்க சொல்ல வேண்டிய காரணம் வேற, அது எதுன்னு உங்களுக்கே தெரியும், லெட்டர்ல அத அடைப்புக்குறிக்குள்ள போட்டிருந்தீங்க. முடிஞ்சா அப்பாயிய மாமியார் முன்னாடி பாட வைங்க. மாமியாரும் கொழுந்து பறிச்சவங்கன்னா ரெண்டாவது வரிக்கு அவங்களே வாய் கொடுப்பாங்க, உங்களுக்கு இன்னொரு பாடகி கிடைச்ச மாதிரி.

ரிஜிஸ்ட்ரேஷன் ஆகட்டும்னு காத்திருக்காதீங்க, அப்பாயிக்கு 84. இந்த ஞாயித்துக்கிழமையே ரெக்கார்ட் பண்ணுங்க. போன ஏரோப்ளேன் மோட்ல போடுங்க, குக்கர் வச்சா ஆஃப் பண்ணிடுங்க, விசில் சரியா நல்ல வரியிலதான் அடிக்கும். முதல்ல "அப்பாயி, இத பதிவு பண்ணவா, படிப்புக்கு எழுதிக்கவா"ன்னு கேட்டு அவங்க சரின்னு சொல்றதையும் சேர்த்தே பதிவு பண்ணுங்க, யுனிவர்சிட்டில சேர்ந்தப்புறம் அதுக்கான ஃபார்ம்ல கையெழுத்தோ கைநாட்டோ திரும்ப முறையா வாங்கிக்கலாம். ஒரு பாட்ட ரெண்டு தடவ பாடச் சொல்லுங்க, ஒரு தடவ உக்காந்து, ஒரு தடவ கையில கூடையோ மொறமோ எதாவது கொடுத்து, கை அசைஞ்சா பாட்டு மாறும். முடிச்ச உடனே ஃபைலுக்கு பேர் வைங்க, பாடினவங்க பேரு, இடம், தேதி, வருஷத்தோட. "அப்பாயி பாட்டு 1"ன்னு வச்சுடாதீங்க, என் ஷூ டப்பா இன்னும் பரண் மேலதான் இருக்கு.